கடைசியில் இருந்த பெயர்

பல்கலைக்கழகத்தின் பின்கோடியில், விடுதிகளுக்குத் துணி வெளுத்துக்கொண்டிருந்த பழைய சலவைக்கூடத்துக்கு வெள்ளையடித்து எங்களிடம் கொடுத்திருந்தார்கள். கூட்டம் எப்படி நகர்கிறது, எங்கே போய் அடைத்துக்கொள்கிறது என்று ஆராய்வது எங்கள் மையத்தின் வேலை. ஒரு துறையால் ஆகிற காரியம் இல்லை என்பதால் பல துறைகளிலிருந்தும் ஆள் பிடித்து வந்து உட்காரவைத்திருந்தார்கள். டைரக்டராக ஒரு டாக்டர், ஒரு கணிதக்காரர், மனசைப் படித்த அம்மாள் ஒருத்தர், கதவையும் படிக்கட்டையும் அளக்கிற இன்ஜினியர், எறும்பு வளர்க்கிற ஒரு பெண். இத்தனை பேருக்கு நடுவில் பெரிதாக ஒன்றும் படிக்காத ஆள் நான் ஒருத்திதான். ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அக்கா.

மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டடத்துச் சுவரெல்லாம் பழைய சோப்பு வாடை அடிக்கும். தரையில் தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய பள்ளத்தில் கணிதக்காரர் இரண்டு தடவை கால் மடங்கி விழுந்திருக்கிறார். வெந்நீர்க் குழாய் ஓடிய ஓரத்து அறை மட்டும் எந்நேரமும் கதகதவென்று இருக்கும். அதை எறும்புக்கு ஒதுக்கிவிட்டார்கள். குளிர்காலத்தில் நாங்கள் ஸ்வெட்டருக்குள் முடங்கிக் கிடக்க, எறும்புகள் மட்டும் சுகமாக வாழ்ந்தன.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் வேலையைப் பற்றித் தானே பேசக் கூடாது. பல்கலைக்கழகக் குழு வந்து உட்காரும்போது, ஒருவர் செய்ததை வேறு துறைக்காரர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். செய்தவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்கு யார் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம். டைரக்டர் கொண்டுவந்த ஏற்பாடு இது. பக்கத்து நாற்காலிக்காரன் வேலை புரியாதவனுக்கு இந்தக் கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்பார். ஒத்திகை மட்டும் என் முன்னால் நடக்கும். எனக்கே புரிந்துவிட்டால் குழுவுக்குப் புரிந்துவிடுமாம். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வருஷம் சீட்டில், எறும்புக்காரியின் வேலையைச் சொல்ல இன்ஜினியர் பெயர் வந்தது. எறும்புக்காரி என்று நாங்கள் வைத்த பெயர்தான். அவளும் போனை எடுத்தால், "எறும்புக்காரி பேசறேன்" என்பாள். இன்ஜினியர் அவள் புருஷன். இந்தச் சலவைக்கூடத்தில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து, பேசிப் பழகி, கல்யாணம் செய்துகொண்டவர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். புருஷன் பெண்டாட்டிக்கு எதற்கு, வேறு சீட்டு எடுக்கலாம் என்றார் டைரக்டர். வேண்டாம், என் வேலை இவரை விட யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாள் அவள்.

அந்தத் தடவை குழு வருவது சும்மா கேட்டுவிட்டுப் போவதற்கு இல்லை. அவளுடைய தற்காலிக வேலை முடிகிற சமயம். எங்கள் மையத்துக்கு யாரையும் நிரந்தரமாக வைத்துக்கொள்கிற உரிமை கிடையாது. ஏதாவது ஒரு துறை இவள் எங்கள் ஆள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். உயிரியல் துறைத் தலைவி, எறும்பை வைத்துக்கொண்டு கதவைப் பற்றிப் பேசுகிறாள், கதவு எங்கள் துறையில் இல்லையே என்றார். பொறியியல் துறைத் தலைவர், கதவைப் பற்றிப் பேசினாலும் எறும்பு எறும்புதானே என்றார். எல்லோர் மடியிலும் உட்காரலாம், யார் வீட்டிலும் படுக்க இடமில்லை என்கிற கதைதான் எங்கள் மையத்தின் கதை. இன்ஜினியரைப் பொறியியல் துறை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. அடுத்துப் பேராசிரியர் பதவி என்று பேச்சு அடிபட்டது.

வெளியூரில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என்ன கம்பெனி என்று கேட்டால் சிரிப்பீர்கள். எறும்பு மருந்து செய்கிற கம்பெனி. எறும்பைத் தெரிந்தவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இங்கே இல்லை என்று ஆகிவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவது, அவர் இங்கேயே இருப்பது, விடுமுறைக்கு விடுமுறை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள். அதை என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் ரொம்பத் தெளிவாகப் பேசினார்கள். எனக்குத்தான் அந்தத் தெளிவு வரவில்லை.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு எறும்பு அறைக்குள் போவாள். எறும்பு தப்பித்து வெளியே வராமலிருக்க அந்த அறைக்கு இரண்டு கதவு. நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். உள்ளே பெட்டி பெட்டியாகப் புற்று. பெட்டியின் விளிம்பில் பவுடர் தடவியிருக்கும், ஏறினால் வழுக்கிவிடும். பஞ்சைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வைப்பாள். பழத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவாள். புற்றுக்கும் தீனிக்கும் நடுவே ஒரு பாலம், பாலத்தின் நடுவே ஒன்று மட்டும் நுழையக்கூடிய சந்து. ஒற்றை முடி தூரிகையால் ஒவ்வொரு எறும்பின் முதுகிலும் வண்ணப் பொட்டு வைத்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருப்பாள். நான் டீ கொண்டுபோனால் ஆறிப்போய்த் திரும்பி வரும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து அவள் கண்டது இதுதான். சுமையோடு வருகிற எறும்பு சந்தில் நிற்காது. வெறுமனே வருகிற எறும்பு முன்கூட்டியே நின்று ஒதுங்கும். யாரும் மணி அடிக்காமல், யாரும் அதட்டாமல், அந்தச் சந்து அடைக்கவே அடைக்காது. இன்ஜினியர் அதைக் கணக்காக மாற்றினார். ஆஸ்பத்திரி நடைபாதைக்கும் ரயில் நிலையப் படிக்கட்டுக்கும் அதை வைத்து அளவு சொன்னார். கட்டுரை கட்டுரையாக வந்தது. எல்லாவற்றிலும் முதலில் அவர் பெயர், நடுவில் மாணவர்கள், கடைசியில் அவள் பெயர். டைப் அடித்துப் பக்கம் போட்டு அனுப்பியவள் நான். எனக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் துணி காய்ந்தும் காயாமலும் தொங்கியது. அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, சூப் என்று மேஜையில் வைத்திருந்தாள். மகள் உருளைக்கிழங்கைப் பிட்டுப் பிட்டுத் தட்டைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொல்லுங்க, குழுவும் தின்னுகிட்டேதான் கேக்கும் என்றேன். இன்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மனுஷனுக்கு வீட்டிலேயே கூச்சம்.

நெரிசல் ஏன் உண்டாகிறது என்று தொடங்கி நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இப்படிச் சொன்னார்: "குறுகலான வாசல்ல யார் யாருக்கு வழி விடணும்ங்கற கேள்விய நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கு எறும்புகளைக் கொடுத்து என் மனைவி ரொம்ப உதவினாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உதவினேனா?"

அவர் எங்கே தவறினோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன்.

"யாரோட கேள்வி அது?" என்றாள்.

நம்ம ரெண்டு பேருதும்தான், ஆனால் கட்டுரையிலெல்லாம் முதல் பெயர் என்னுது இல்லையா, அதனால் அப்படிச் சொன்னேன் என்று இழுத்தார் அவர். நீயேதானே என் பெயரை முதலில் எழுதினாய், முதல் கட்டுரை போகும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, இவ்வளவு பெரிய மனசா என்று நினைத்தேன் என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

அவள் மகளின் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாக, மகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க துறைல கடைசிப் பேருதான் சொந்தக்காரர் பேரு. கேள்வி யாருதோ அவங்க கடைசில. முதல் பேரு, அளந்து எண்ணி எழுதினவங்களுக்கு. நான் கடைசில எழுதிக்கிட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லல. பெருந்தன்மையா விட்டுக் கொடுத்தீங்கன்னு இவ்வளவு வருஷமா நினைச்சுகிட்டிருக்கேன்."

"எங்க துறைல கடைசிப் பேருன்னா... கூடமாட ஒத்தாசை பண்ணவங்க," என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே கட்டில், ஒரே சாப்பாட்டு மேஜை, ஒரே கட்டுரை. ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து படித்து, அடுத்தவர் தனக்கு விட்டுக் கொடுத்ததாக நினைத்து, அதற்காக உள்ளுக்குள்ளேயே நன்றி சொல்லிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். இந்தக் கூத்து எங்கள் மையத்தைத் தவிர வேறெங்கே நடக்கும்? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு குழந்தைக்கு முட்டை உரித்துக் கொடுத்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தாள். நான் துடைத்து வைத்தேன். உயிரியல் தலைவி ஒரு தடவை தன்னிடம், கடைசி இடத்தை உன் கணவர் அன்பாகக் கொடுத்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னதாக அப்போதுதான் சொன்னாள். உயிரியல்காரர்களுக்கும் தெரியும், கடைசி இடம் யாருடையது என்று. ஆனால் தற்காலிக வேலையில் இருக்கிற பெண்ணுக்குச் சொந்தமாக ஏது கேள்வி, புருஷன் பார்த்துப் போட்ட பிச்சை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பக்கத்தார் முதல் பெயரைப் பார்த்து அவருடையது என்றார்கள், இன்னொரு பக்கத்தார் கடைசிப் பெயரைப் பார்த்தும் அவருடையது என்றார்கள்.

"அவங்க அப்படி நினைச்சது பரவால்ல அக்கா. இவரும் அப்படியே நினைச்சிருக்காரே," என்றாள். அழுத்தித் தேய்த்ததில் அந்தத் தட்டு உடைந்துவிடுமோ என்று பயந்தேன்.

புறப்படும்போது அவரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னாள். குழு முன்னால் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பெண்டாட்டிக்காக விட்டுக் கொடுக்கிறார் என்று அங்கேயும் கைதட்டுவார்கள், தனக்கு அது மறுபடியும் பிச்சைதான். கணக்கை மட்டும் சொல்லுங்கள், நான் மருந்துக் கம்பெனிக்குப் போய்க்கொள்கிறேன். வழக்கமாக வீட்டில் அவரை நீ என்று கூப்பிடுகிறவள், அன்று முழுக்க நீங்க என்றே பேசினாள். அவர் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

அடுத்த சில நாட்கள் இன்ஜினியர் தன் மேஜையில் இல்லை. எங்கே என்று தேடினால் எறும்பு அறையில் உட்கார்ந்திருந்தார். அவள் வகுப்பு எடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து உள்ளே போய்விடுவார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே கேமரா மாட்டவும் கம்பி இழுக்கவும்தான் போயிருக்கிறார். எறும்பைத் திரையில்தான் பார்த்திருக்கிறார். இப்போது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தார். நான் வைத்த டீ ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

ஒருநாள் எட்டிப் பார்த்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல அக்கா. அதான் விஷயம். சும்மா ஓடுது. எங்க பாக்கணும்னு தெரியாம எத்தனை நாள் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கேமராவ அந்தச் சந்துக்கு நேரா மாட்டச் சொன்னது அவ. நான் மாட்டினேன். ஏன் அங்கன்னு நான் கேக்கவே இல்ல" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. கதகதப்பான அறையில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். துடைத்துக்கொள்ளத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அன்றைக்கே போய்விட்டது.

குழு வந்த அன்றும் மழை. குடைகளை வாசலில் விரித்து வைத்ததில் நடக்க வழியில்லாமல் போய்விட்டது. நெரிசலை ஆராய்கிற இடத்திலேயே இப்படியா என்று யாரோ வழக்கமான நகைச்சுவையைச் சொன்னார்கள். நாங்களும் வழக்கம்போல் சிரித்தோம். நடுவில் குழுத் தலைவர், ஒரு பக்கம் உயிரியல் தலைவி, மறுபக்கம் பொறியியல் தலைவர். குறிப்பெடுக்க நான் ஓரமாக உட்கார்ந்தேன். எறும்புக்காரி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

இன்ஜினியர் எழுந்தார். கணக்கைச் சொன்னார். படிக்கட்டைச் சொன்னார். அவள் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தார். அவள் தோள் மெல்லத் தளர்ந்ததை நான் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டதுதான் நடக்கிறது, ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

முடிக்கிற இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இனி கேமராவைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றார். இவ்வளவும் எனக்குக் கிடைத்தது ஒரு கேமராவிலிருந்து. அந்த அறையில் மாட்டுவதற்கு எத்தனையோ இடம் உண்டு. புற்று வாசல் உண்டு, தீனி உண்டு, பாலம் உண்டு. ஒரு சந்துக்கு மேலேதான் மாட்ட வேண்டும் என்பது, அங்கே என்ன நடக்கிறது என்று முன்பே கண்ணால் கண்டவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், திரையில்லாமல் என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எனக்குச் சொல்லி மாட்டவைத்தவர் அதோ உட்கார்ந்திருக்கிறார். என் கணக்கு அவருடைய கேள்விக்குப் பின்னால் வந்தது. இந்தக் கட்டுரைகளை உயிரியல்காரர்கள் படிக்கிற முறையில்தான் படிக்க வேண்டும். நானே இத்தனை நாள் தப்பாகப் படித்திருக்கிறேன். இவ்வளவும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

பொறியியல் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க மனைவிக்காகப் பேசறீங்களா?"

"மனைவிக்காகப் பேசியிருந்தா இன்னும் நல்லா பேசியிருப்பேன் சார். இது நடந்தது."

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"எண்ணினேன். அவங்க சொன்னது சரியான்னு பாத்தேன். அதை நல்லாவே செஞ்சேன்."

யாரும் கைதட்டவில்லை. டைரக்டரையும் குறிப்பெடுக்கிற என்னையும் தவிர மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். எறும்புக்காரி யாரையும் பார்க்காமல் எழுந்து போனாள். அவர் குடைகளைத் தாண்டித் தாண்டி அவள் பின்னாலேயே போனார்.

உள்ளே வெகுநேரம் பேசினார்கள். பொறியியல் தலைவர், எங்கள் ஆளுடைய பேராசிரியர் பதவியை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம் என்றார். அவருடைய கோபமும் எனக்குப் புரிந்தது. முதல் பெயரை நம்பி அவரும் ஏமாந்தவர்தான். உயிரியல் தலைவி பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். சந்துக்கு நேராகக் கேமரா என்பதைத் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில், அந்தப் பெண்ணை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், கதவை எப்படியாவது சமாளித்துக்கொள்கிறோம் என்றார். டைரக்டர் என் பக்கம் திரும்பி, ஓடு, போய்ச் சொல்லு என்றார். இந்த வயதில் ஓடு என்றால் எப்படி? ஆனாலும் ஓடினேன்.

எறும்பு அறையின் முதல் கதவைத் திறந்து நடுவில் இருக்கிற இடத்தில் நுழைந்தேன். உள்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே பேச்சுச் சத்தம்.

"சொல்லாதேன்னு சொன்னேன்ல?" என்றாள் அவள்.

"சொன்ன."

"மருந்துக் கம்பெனிக்குப் போறது போறதுதான். இதுல ஒண்ணும் மாறாது."

"மாற வேண்டாம். நீ போ. நான் வேற ஒண்ணு கேக்கணும்." அவர் பெட்டியின் அந்தப்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். "உனக்கு அது எப்படித் தோணுச்சு? முதல்லேருந்து சொல்லு. நான் இது வரைக்கும் கேட்டதே இல்ல."

அவள் பஞ்சை எடுத்தாள், வைத்தாள்.

"நாம முதல்ல குடியிருந்த வீட்டுச் சமையக்கட்டு ஞாபகம் இருக்கா?" என்றாள். "ஓர் ஆளு நின்னா இன்னொரு ஆளு போக முடியாது. நீ கொதிக்கற பாத்திரத்தைத் தூக்கிகிட்டு வருவ. நான் வெறுங்கையோட நிப்பேன். நீ ஒண்ணும் சொல்லமாட்ட. நான் சுவரோட சுவரா ஒதுங்கிப்பேன். இன்னொரு நாள் நான் தண்ணிக் குடத்தோட வந்தா நீ ஒதுங்குவ. பேசி வச்சுகிட்டதே இல்ல. ஒரு நாள் ஒதுங்கி நிக்கும்போது, இதை யாரு நமக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு தோணுச்சு. மறுநாள் இங்க வந்து பாலத்துல சந்து வச்சேன்."

"அப்ப அதுல எனக்கும் பங்கு உண்டு," என்றார் அவர்.

"பாத்திரம் தூக்கினதுக்கு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் கேட்கவில்லை. "நீ கேளு, இன்னும் இருக்கு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் சந்து பெரிதாகப் போய்விட்டதையும், எறும்புகள் அவளை லட்சியமே செய்யாததையும், அழுதுகொண்டே இன்னொன்று வெட்டியதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்துவிட்டது என்பது என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அந்தப் பக்கம் டைரக்டர் என்ன ஆயிற்று என்று என்னைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. நான் பின்னாலிருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.